ரிமோட் வீட்டில் இருக்கட்டும்

"டேப்புல ஓடுது, டிவில வர மாட்டேங்குது. என்னன்னு பாரு கண்ணு."

பொம்மிடிக்குப் போனால் பையை இறக்கி வைப்பதற்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்று வீட்டில் பரப்பி வைத்திருப்பதன் விளைவு. நான் பார்ப்பது சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள். அதற்கும் டிவிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொன்னால் ஊரில் எடுபடாது. "எல்லாம் ஒண்ணுதானே, நீ பாரு" என்பார்கள். இப்படிப் பார்த்துப் பார்த்தே எங்கள் தெருவிலும் பி. மல்லாபுரம் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் வீடுகளிலும் பாதி டிவிகளின் மெனு எனக்கு மனப்பாடம்.

அதனால் இந்த விஷயத்தை ஒரே தடவையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டேப்பிலிருந்தோ போனிலிருந்தோ டிவிக்குப் படம் அனுப்பலாம், பெரும்பாலும் சுலபம்தான். ஆனால் அதையே வீட்டின் வழக்கமாக்கிவிடக் கூடாது. ஏன் என்று பிறகு வருகிறேன். முதலில் எது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான்.

ஊரில் எல்லாவற்றுக்கும் "கனெக்ட் பண்றது" என்ற ஒரே பெயர்தான். உள்ளே நடப்பது இரண்டு வேறு வேறு வேலைகள். ஒன்று, டேப்பின் திரையில் தெரிவதை அப்படியே டிவியில் காட்டுவது. ஸ்கிரீன் மிர்ரரிங் என்பது இதைத்தான். சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ என்று இருக்கும், வேறு கம்பெனிக்காரர்கள் வயர்லெஸ் டிஸ்ப்ளே என்று ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு உலகத்தில் இதற்கு அடிப்படை பெரும்பாலும் மிராகாஸ்ட். வைஃபை அலையன்ஸ் அமைப்பு 2012ல் கொண்டுவந்த முறை. இதற்கு ரூட்டர் வேண்டாம், இன்டர்நெட் கூட வேண்டாம். டேப்பும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். மெமரி கார்டில் இருக்கும் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்ட இது போதும்.

இன்னொன்று காஸ்ட். யூடியூப்பில் மேலே ஒரு சின்னப் பெட்டிக்குள் வைஃபை கோடு போட்ட மாதிரி ஒரு குறி இருக்கிறதே, அது. இதில் டேப் படத்தை அனுப்புவதே இல்லை. படம் இருக்கும் இடத்தை மட்டும் டிவிக்குச் சொல்கிறது. டிவியோ அதில் செருகிய பெட்டியோ தானே இன்டர்நெட்டில் போய்ப் படத்தை எடுத்துக்கொள்கிறது. மிர்ரரிங் என்பது நாமே ஓட்டலுக்குப் போய்ப் பார்சல் வாங்கி வருவது. காஸ்ட் என்பது வந்த விருந்தாளிக்கு ஓட்டல் எங்கே என்று வழி சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்ப்பது. ஆகவே காஸ்ட் செய்த பிறகு போனைப் பூட்டி வைக்கலாம், யாருக்காவது பேசலாம், வெளியே ஒரு நடை போய்விட்டும் வரலாம். படம் பாட்டுக்கு ஓடும்.

இந்த இரண்டாவது வழி பரவியதற்குக் காரணம் 2013 ஜூலையில் கூகுள் விட்ட குரோம்காஸ்ட். அமெரிக்காவில் 35 டாலர். டிவியின் பின்னால் செருகுகிற ஒரு துண்டு, ரிமோட்டே கிடையாது, போன்தான் ரிமோட். இந்தியாவுக்கு 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு வந்தது. அதற்கு முன்பே யூடியூப்பும் நெட்பிளிக்ஸும் சேர்ந்து, போன் டிவியைத் தேடிப் பிடித்து அதிலிருக்கும் செயலியைத் திறக்கவைக்க டயல் என்று ஒரு முறையை உருவாக்கியிருந்தன. ஆப்பிள்காரர்களுக்கு ஏர்பிளே 2010லிருந்தே உண்டு. எங்கள் தெருவில் ஆப்பிள் குறைச்சல் என்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

இனி, ஏன் வர மாட்டேங்குது?

நான் பார்த்த வரையில் முதல் காரணம், டேப்பில் சிம் போட்டு மொபைல் டேட்டாவில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், டிவி வீட்டு வைஃபையில் இருக்கும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் காஸ்ட் குறியே தலைகாட்டும். அடுத்தது ரூட்டர். இப்போதைய ரூட்டர்கள் பல வீட்டில் இரண்டு பெயரில் வைஃபை தருகின்றன, ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5. பெரும்பாலான ரூட்டர்களில் எதில் இருந்தாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். சில ரூட்டர்களில் பார்ப்பதில்லை. யாரோ ஒரு புண்ணியவான் டிவியை கெஸ்ட் வைஃபையில் சேர்த்துவிட்டுப் போயிருந்தால் சுத்தமாகப் பார்க்காது, அந்த வசதியின் நோக்கமே அதுதான். பட்ஜெட் டிவிகள் பலவற்றுக்கு 5 பிடிக்கவே தெரியாது. 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகம், ஆனால் சுவரைத் தாண்டும்போது துவண்டுவிடும். எங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவர்கள் கனமானவை. ஃபைபர் இழுத்து வந்தவர் தனக்கு ஒயர் மிச்சமாகும்படி வாசல் திண்ணைக்கு மேலே ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார், டிவி உள் ரூமில் இருக்கும். படம் சுத்திக்கொண்டே இருக்கிறது என்று டிவியைத் திட்டிப் பயன் இல்லை. ரூட்டரை உள்ளே நகர்த்தச் சொல்லுங்கள். பத்து மீட்டர் ஒயருக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டுபவர்கள் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நெட்பிளிக்ஸ் சொல்கிற அளவுப்படி எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம் என்றால் ஏழு ஜிபியைத் தாண்டும். நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபி ரீசார்ஜில் இருப்பவர்களுக்கு இடைவேளைக்கு முன்பே கதை முடிந்துவிடும். போனில் அதே படம் பார்க்கும்போது இவ்வளவு தீராததற்குக் காரணம், சின்னத் திரைக்குச் சின்ன அளவுப் படமே வருகிறது. டிவி பெரியது கேட்கும்.

ஒயர் போட்டால் தீராதா என்பார்கள். எச்டிஎம்ஐ 2002 டிசம்பரில் வந்த தரம், இன்னும் அசையாமல் நிற்கிறது, எனக்கும் ஒயர்தான் பிடிக்கும். சிக்கல் டேப்பின் பக்கம். டைப்-சி ஓட்டை இருக்கிறதே, எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று வாங்கிச் செருகினால் வந்துவிடும் என்று ஆன்லைனில் வாங்கிவிடுகிறார்கள். டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும். அதற்குள் வீடியோ வெளியே வருமா என்பது வேறு கேள்வி. டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளே இருந்தால்தான் வரும். விலை உயர்ந்த சாம்சங் எஸ் வரிசையில் இருக்கும், ஐபோனில் 15லிருந்து இருக்கும். பன்னிரண்டாயிரம் பதினைந்தாயிரம் ரூபாய் டேப்பில் பெரும்பாலும் இருக்காது. அதில் சார்ஜ் ஏறும், பென்டிரைவ் படிக்கும், அவ்வளவுதான். கடைக்காரரிடம் "இதுல டிஸ்ப்ளே அவுட் வருமா" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அவர் "எல்லாம் வரும்" என்றால், கடையிலேயே ஒரு டிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு வினோதம் உண்டு. மிர்ரரிங் போட்டால் யூடியூப் தெரிகிறது, காசு கட்டிய செயலியைத் திறந்தால் சத்தம் மட்டும் வருகிறது, படம் இருட்டு. டிவி போச்சு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்ட வீடு எனக்குத் தெரியும். டிவியில் ஒன்றும் இல்லை. படத்தை யாரும் நகலெடுத்துவிடக் கூடாது என்று அந்தச் செயலியே திரையை மறைக்கிறது. நீங்கள் சந்தா கட்டியவர், டிவி உங்களுடையது, ஒயரும் உங்களுடையது. ஆனாலும் சின்னத் திரையிலிருந்து பெரிய திரைக்குப் போகலாமா கூடாதா என்பதை வேறு எங்கோ இருப்பவர் முடிவு செய்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போய் வரவேண்டும்.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்து அதிலிருந்து படம் ஓட்டுவது நம்மூருக்குப் புதிதல்ல. என் அம்மா வயதுக்காரர்களைக் கேட்டால் டெக் எடுத்த கதையைச் சொல்வார்கள். திருவிழா, காதுகுத்து, பொங்கல் என்றால் டிவியும் டெக்கும் கேசட்டும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு வரும். தெருவே பாயைப் போட்டு உட்கார்ந்து விடிய விடிய மூன்று படம் பார்க்கும். பிறகு விசிடி, டிவிடி, மஞ்சள் சிவப்பு வெள்ளை என்று மூணு கலர் ஒயர். இந்தப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு பொது குணம் இருந்தது. கேசட்டைத் தள்ளத் தெரிந்த எவரும் ஓட்டலாம். ஓட்டியவர் எழுந்து போனாலும் பெட்டி அங்கேயே இருக்கும், படம் நிற்காது.

தமிழ்நாட்டில் டிவி என்பதே குடும்பத்தின் பொருளாகத்தான் வளர்ந்தது. 2006 செப்டம்பர் 15 அன்று கருணாநிதி ஆட்சியில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. எதைக் காட்டி வாங்கினார்கள்? ரேஷன் கார்டை. ஒரு கார்டுக்கு ஒரு டிவி. எங்கள் தெருவில் சில வீடுகளில் அந்தப் பெட்டி இன்னும் பரண்மேல் இருக்கிறது. ஒரு வீட்டில் ஓடவே செய்கிறது, எச்டிஎம்ஐயை மூணு கலர் ஒயராக மாற்றித் தரும் சின்னப் பெட்டியை இடையில் போட்டு நான்தான் யூடியூப் வரவைத்தேன். எழுத்து எதுவும் படிக்க முடியாது, படம் நன்றாகத் தெரியும்.

பிறகு கேபிள். 2007ல் தொடங்கிப் பாதியில் படுத்திருந்த அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷனை ஜெயலலிதா 2011 செப்டம்பர் 2 அன்று மறுபடி ஓடவிட்டார். மாதம் 70 ரூபாய், அதில் 20 கார்ப்பரேஷனுக்கு, 50 ஊர் கேபிள்காரருக்கு. 2017 செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் வந்தது. இந்தத் திட்டங்களின் அரசியல் பற்றி ஆயிரம் சண்டை போடலாம், போட்டும் இருக்கிறோம். நான் சொல்ல வருவது வேறு. இலவச டிவியும் கேபிளும் வீட்டை ஓர் அலகாக வைத்துப் போட்ட கணக்குகள். ஒரு வீடு, ஒரு இணைப்பு, ஒரு ரிமோட். வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்து அழுத்தலாம்.

2016ல் எல்லாம் திரும்பியது. அந்த ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. படம் பார்ப்பது வீட்டின் கணக்கிலிருந்து ஆளின் கணக்குக்கு மாறியது. இப்போது படத்துக்குச் சாவி ரேஷன் கார்டு இல்லை, போன் நம்பர். ஓடிபி யாருக்கு வருகிறதோ அவரே குடும்பத் தலைவர். 2019 ஜூலையில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கென்றே ஒரு மொபைல் திட்டம் போட்டது, மாதம் 199 ரூபாய், 2021 டிசம்பரில் 149 ஆகக் குறைத்தார்கள். போனிலோ டேப்பிலோ பார்க்கலாம், டிவியில் முடியாது, காஸ்டும் முடியாது. ஜியோஹாட்ஸ்டாரிலும் இதே மாதிரி மொபைலுக்கு மட்டுமான திட்டம் உண்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு "டிவில வர மாட்டேங்குது" என்று என்னிடம் வருகிறவர்களில் கணிசமானவர்கள் இந்த ரகம். அவர்கள் வாங்கியது ஓர் ஆளுக்கான டிக்கெட். நியாயமா என்று கேட்டால், கம்பெனிக்காரன் விலையையும் நிபந்தனையையும் எழுதித்தான் விற்கிறான். ஆனால் ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு சின்னத் திரை வாங்கிக்கொள் என்பதுதான் அந்த விலையின் அர்த்தம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சரி, என் கட்சிக்கு வருகிறேன். காஸ்ட் செய்வதை வீட்டு வழக்கமாக்காதீர்கள் என்றேன். காரணம், காஸ்டில் ரிமோட் என்பது ஒருவருடைய போன். அந்த ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் டிவி ஊமை.

எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. நான் சனி, ஞாயிறு ஊரில் இருக்கும்போது என் போனிலிருந்து ஆயாவுக்குக் கூத்து போட்டுக் கொடுப்பேன். தருமபுரிப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், எங்களுக்குக் கூத்து என்றால் சீரியலெல்லாம் அப்புறம். இப்போது பல கூத்து ஜமாக்களின் ஆட்டத்தை முழு ராத்திரியும் படம்பிடித்து அப்படியே யூடியூப்பில் போட்டுவிடுகிறார்கள். கர்ண மோட்சம் ஓடினால் ஆயா அசைய மாட்டாள். ஞாயிறு ராத்திரி நான் ரயில் ஏறினதும் எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை மத்தியானம் ஆபீசில் சாப்பிடும் நேரத்தில் போன் வரும்.

"ஏஞ் சாமி, அந்தக் கர்ணனைக் கொஞ்சம் போட்டு உடேன்."

"ஆயா, நான் மெட்ராஸ்ல இருக்கேன்."

"இருந்தா என்ன, உம் போன்லதான வருது?"

கேள்வியில் தப்பே இல்லை. போனிலிருந்துதான் வருகிறது என்று அவளுக்குச் சொன்னவன் நான். அம்மா போனில் போட்டுக் காட்டலாம்தான். ஆனால் அம்மாவின் போன் அம்மாவோடு கொடிக்காலுக்குப் போய்விடும். டேப் தங்கச்சியுடையது, அவள் படிப்பெல்லாம் அதில்தான். ஆக வீட்டிலேயே இருக்கும் ஆளுக்கு, பகலில் டிவி உண்மையிலேயே தேவைப்படுகிற ஆளுக்கு, படம் போட வழியில்லை. முன்பு கேபிளில் சேனல் நம்பரை அழுத்தத் தெரிந்திருந்தவள், காஸ்ட் வந்த பிறகு பேரப்பிள்ளைகள் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மிர்ரரிங்கில் இதைவிட மோசம். போன் வந்தால் கூத்து நின்று, யார் கூப்பிடுகிறார்கள் என்று டிவி முழுக்கப் பெரிதாகத் தெரியும். எங்கள் மாமா ஒருவர் சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது தன் போனை மிர்ரர் செய்து நிச்சயதார்த்த வீடியோ காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் நகைக் கடனுக்கு வட்டி கட்டும் நாள் கடந்துவிட்டது என்று ஒரு குறுஞ்செய்தி, 43 அங்குலத்தில். யாரும் எதுவும் பேசவில்லை. அத்தை காபி போட எழுந்து போனார். ஓடிபியும் இப்படித்தான் ஊருக்கே தெரியும். மிர்ரரிங் செய்துதான் ஆகவேண்டும் என்றால் முதலில் 'தொந்தரவு செய்யாதே' பட்டனைப் போட்டுவிடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ரிமோட்டே வேண்டாம், போன் போதும் என்று ஆரம்பித்த ஆட்களே திரும்பி வந்துவிட்டார்கள். கூகுள் 2020ல் விட்ட குரோம்காஸ்டிலேயே ரிமோட் வைத்துவிட்டது. 2024 ஆகஸ்டில் குரோம்காஸ்ட் வரிசையையே மூடிவிட்டு வேறு பெயரில் ஒரு பெட்டி கொண்டுவந்தது. நெட்பிளிக்ஸ் 2019லேயே ஏர்பிளேயை நிறுத்தியது. 2025 கடைசியில் ரிமோட் உள்ள பெரும்பாலான டிவிகளுக்கும் பெட்டிகளுக்கும் போனிலிருந்து காஸ்ட் செய்வதையே எடுத்துவிட்டது, அந்த டிவியின் ரிமோட்டை எடுத்து அதிலிருக்கும் செயலியில் பார்த்துக்கொள் என்று. அவர்கள் காரணம் அவர்களுக்கு, ஆயாவுக்காகச் செய்திருக்க மாட்டார்கள். இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். 2025 மார்ச்சில் உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்டுகள் திடீரென்று வேலை செய்யாமல் போயின. 2015ல் வந்த சாதனம் அது, உள்ளே வைத்திருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதி ஆகியிருந்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருள் யாரும் தொடாமலே ஒரு காலையில் செத்துப்போகும் என்பது டெக் காலத்து ஆட்களுக்குப் புரியவைக்க முடியாத விஷயம்.

காஸ்டையே நம்பியிருக்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும். 2024ல் தமிழ்நாடு அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்றும் ஒரு திட்டம் நடந்தது. மணற்கேணி செயலியில் பாடங்கள் வீடியோவாகவே இருக்கின்றன. டேப்பில் இருப்பதைச் சுவரிலிருக்கும் பெரிய திரைக்குக் கொண்டுபோவது ஆசிரியருக்கு அன்றாட வேலையாகிவிட்டது. எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பு நடக்கும்போது எதையும் காஸ்ட் செய்வதில்லை. முந்தின நாளே வீட்டில் வீடியோவைத் தேடி வைத்துக்கொள்வார், இறக்க முடிந்ததை டேப்பிலேயே இறக்கி வைப்பார், பள்ளியில் மிர்ரரிங் மட்டும். "நெட்டு சுத்துற நேரத்துல முப்பது புள்ளைங்க என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாது" என்றார். வகுப்பறையில் டேப் எப்போதும் ஆசிரியர் கையில் இருக்கும், அவர் நிறுத்தி, பேசி, மறுபடி ஓட்டவேண்டும். மிர்ரரிங் அதற்குச் சரியான கருவி. வீடு வகுப்பறை இல்லை.

வீட்டுக்கு என்ன வேண்டும்? டிவியோடு கட்டிப்போட்ட ஒரு பெட்டி, அதற்கு ஒரு ரிமோட். ஸ்மார்ட் டிவியாக இருந்தால் அதற்குள்ளேயே எல்லாம் இருக்கும். பழைய எல்இடி டிவி என்றால் மூவாயிரம் நாலாயிரத்துக்குள் ஒரு ஸ்டிக்கோ பெட்டியோ போதும். ஃபைபர் இணைப்போடு சில நிறுவனங்கள் பெட்டியும் தருகின்றன. பிஎஸ்என்எல் 2024 அக்டோபரில் தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்கு ஐஎஃப்டிவி என்று ஒன்று தொடங்கியது, முதலில் மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும். 500க்கும் மேற்பட்ட சேனல்கள், தனி செட்டாப் பாக்ஸ் வேண்டாம், ஆண்ட்ராய்டு டிவியில் செயலி போட்டால் போதும், அதில் பார்ப்பது டேட்டா கணக்கிலும் சேராது. ஊரில் பழைய கேபிள்காரர்களே இப்போது ஃபைபர் இழுக்கும் ஆட்களாகவும் மாறிவருவதால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இல்லை. கரண்ட் போனால் டிவி இன்வெர்ட்டரில் ஓடும், ரூட்டர் அணைந்திருக்கும். ரூட்டரையும் அதே இன்வெர்ட்டர் பிளக்கில் சேர்க்கச் சொல்லி அவரிடமே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு "4கே ஆண்ட்ராய்டு பாக்ஸ், எல்லாச் சேனலும் ஃப்ரீ" என்று ஆன்லைனில் வருகிற பெயர் தெரியாத பெட்டிகளைத் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். தரம் ஒரு பக்கம். கூகுளின் சான்று இல்லாததால் காசு கட்டிப் பார்க்கும் செயலிகள் பலவும் அதில் ஓடாது, ஓடினாலும் மங்கல் படம்தான் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே. பேட்பாக்ஸ் என்று பெயர் வைத்த ஒரு தீங்கு நிரல் இப்படிப்பட்ட பெட்டிகளில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஏற்றப்பட்டிருப்பதை 2023ல் கண்டுபிடித்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ அதன் இரண்டாம் வடிவம் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கையே விட்டது. அடுத்த மாதம் கூகுள் போட்ட வழக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் சிக்கியிருப்பதாகச் சொன்னது. உங்கள் வீட்டு இன்டர்நெட்டை, உங்களுக்குத் தெரியாமல், யாரோ திருட்டு வேலைகளுக்கு வழியாகப் பயன்படுத்துவார்கள். கேள்வி வந்தால் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கும்.

எங்கள் வீட்டில் பெட்டி போட்ட பிறகு அமைப்பது அரை மணி வேலையாக இருந்தது. ஆயாவுக்குக் கற்றுக்கொடுத்தது அதைவிடக் குறைந்த நேரம். முதல் திரையில் தேவையில்லாத செயலிகளையெல்லாம் எடுத்துவிட்டு யூடியூப்பை முதலில் வைத்தேன். ரிமோட்டில் மைக் பட்டன் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. அதை அழுத்திக்கொண்டு தமிழில் சொன்னால் தேடிக் கொடுத்துவிடுகிறது. ஆயா மைக்கில் பேசுவது கோயிலில் வேண்டிக்கொள்வது மாதிரி நீளமாக இருக்கும்: "யப்பா, அந்தக் கர்ண மோட்சம், நேத்துப் பாதில உட்டமே, அதப் போடு." அதற்கும் ஏதோ ஒரு கர்ண மோட்சம் வந்துவிடுகிறது. நேற்றுப் பார்த்ததா இல்லையா என்பதில் அவளுக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை.

காஸ்டை நான் விட்டுவிடவில்லை. ஊருக்குப் போனால் ஆபீஸ் டூர் படங்களைக் காட்ட, தங்கச்சி கண்டுபிடித்த சமையல் வீடியோவை அம்மாவுக்குப் பெரிதாகப் போட, சொந்தக்காரர் கல்யாணத்தின் யூடியூப் லைவை எல்லோரும் சேர்ந்து பார்க்க, இன்னமும் அந்தக் குறியைத்தான் தட்டுகிறோம். வந்துபோகிறவர்களின் வசதி அது, அந்த அளவில் அருமையான வசதி.

இந்தப் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு டிவி, பெட்டி, ஸ்டிக் எதையாவது வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு: உங்கள் போனிலிருந்து காஸ்ட் செய்து காட்டி அசத்திவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பகலில் வீட்டில் இருக்கிற ஆளை உட்காரவைத்து, அவர் கையால் ஒரு தடவை ஆன் செய்து, படம் தேடி, சத்தம் குறைத்து, அணைக்கும் வரை பக்கத்தில் சும்மா இருங்கள். பெட்டியோடு கொடுக்கும் பேட்டரி ரொம்ப நாள் தாங்காது, நல்ல டிரிபிள் ஏ பேட்டரி ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி டிவி ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.